பெட்டிகள் பெருகினால் தேனீ பிழைத்ததாக ஆகுமா?

தேனீ என்றாலே கொட்டும் என்றுதான் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்கிறார்கள். ஆனால் கொட்டவே தெரியாத தேனீக்களும் உலகத்தில் இருக்கின்றன. அதுவும் ஒன்றிரண்டு அல்ல, 500-க்கும் மேற்பட்ட இனங்கள்! தமிழ்நாட்டில் பழைய வீட்டுச் சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் மெழுகால் குட்டிக் குழாய் ஒன்றை வாசலாக வைத்துக் குடியிருக்குமே கொசுத்தேனீ, அதுவும் இந்த வகைதான். கொடுக்கு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தேய்ந்து சிறுத்து, ஒன்றுக்கும் உதவாமல் உடம்புக்குள் கிடக்கிறது. ஆபத்து வந்தால் கடிக்கும், தலைமுடிக்குள் புகுந்து படாதபாடு படுத்தும், பிசினை ஒட்டிவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

இந்த வகைத் தேனீக்கள் செழித்து வாழும் நாடு பிரேசில். அங்கு மட்டும் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் மெலிப்போனா என்ற பிரிவைச் சேர்ந்தவை கொசு அளவில் இருக்காது. சாதாரணப் பெட்டித் தேனீ அளவுக்குத் திடமாக இருக்கும். துப்பி மொழி பேசிய பழங்குடிகள் இவற்றில் சிலவற்றுக்கு வைத்த பெயர் உருசூ. பெரிய தேனீ என்று அர்த்தம். ஐரோப்பியத் தேனீ 1839-ல்தான் பிரேசிலுக்குக் கப்பலேறி வந்தது. அதற்கு முன்பு அந்த நாட்டில் தேன் என்றால் இந்தக் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேன்தான். இன்றும் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுத் தாழ்வாரத்தில் நீளமான மரப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி உருசூ வளர்க்கிறார்கள்.

பிரேசில் அரசு 2003-ல் வெளியிட்ட அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் ஒரே ஒரு கொடுக்கில்லாத் தேனீ இடம் பெற்றது. 2014-ல் வந்த பட்டியலில் அது நான்காகிவிட்டது. இப்படி ஒரு செய்தி வந்தவுடன் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: "காட்டில் குறைகிறதா? சரி, வீட்டில் வளர்ப்போம். ஒரு பெட்டியை இரண்டாக்கு, இரண்டை நான்காக்கு, ஊர் ஊராகக் கொடு!" கோழி, ஆடு விஷயத்தில் இது சரியான யோசனையாகக்கூட இருக்கலாம். இந்தத் தேனீக்களிடம் மட்டும் பெட்டிக் கணக்கு ஏமாற்றிவிடும். பெட்டிகள் கூடிக்கொண்டே போகும்போது ஓர் இனம் அழிந்துகொண்டே இருக்கலாம். பிரேசிலின் ஒரு மலைப்பகுதியில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

அதற்கு முன் தேனீக் குடும்பத்தில் ஆண், பெண் எப்படித் தீர்மானமாகிறது என்று பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

தேனீக்களில் எக்ஸ், ஒய் குரோமோசோம் கதை கிடையாது. கருவுறாத முட்டை ஆணாகும். கருவுற்ற முட்டை பெண்ணாகும். இவ்வளவுதான் என்று பாடப்புத்தகத்தில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அதற்குள் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் ஜீன் ஒன்று உண்டு. அந்த ஒரே ஜீன் பல வகைகளில் இருக்கும். கருவுற்ற முட்டையில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு வந்து சேரும். இரண்டும் வெவ்வேறு வகையாக இருந்தால்தான் பெண். இரண்டும் ஒரே வகையாக இருந்துவிட்டால் அந்த முட்டை, கருவுற்றிருந்தும், ஆணாகிவிடும். இதை இருமடி ஆண் என்கிறார்கள். பூவுக்குப் போகாது, கூட்டைக் காக்காது, வாரிசுக்கும் உதவாது. குடும்பத்துக்கு வெறும் தண்டச்சோறு!

மெலிப்போனா ராணி பொதுவாக வாழ்நாளில் ஒரே ஓர் ஆணுடன்தான் சேரும். (பெட்டித் தேனீயின் ராணி பத்துப் பதினைந்து ஆண்களுடன் சேரும். அதனால் ஒரு பொருத்தம் தவறினாலும் மற்றவை சரிக்கட்டிவிடும்.) அந்த ஒரு ஆணிடம் இருக்கும் வகை, ராணியிடம் இருக்கும் இரண்டில் ஒன்றாக அமைந்துவிட்டால், அவள் இடும் கருவுற்ற முட்டைகளில் பாதி இருமடி ஆண்களாகப் போகும். வேலைக்காரத் தேனீக்கள் இதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. எப்படியோ! அந்த ஆண்கள் கூட்டுக்குள் பிறந்து வெளிவந்த சில நாட்களில் ராணியைக் கொன்றுவிட்டு, புது ராணிக்கு இடம் கொடுக்கின்றன. புது ராணிக்கும் அதே சீட்டுக் குலுக்கல். அதற்குள் பாதி வேலையாட்கள் பிறக்காமலே போயிருப்பார்கள். சேமித்த மகரந்தமும் வீணாகியிருக்கும். குடும்பம் இளைத்துப்போகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் இந்த ஜீனின் 20 வகைகள் சமமாக இருந்தால், பத்து ராணிகளில் ஒன்றுக்குத்தான் பொருத்தம் தவறும். 6 வகைகள்தான் மிச்சம் என்றால் மூன்றில் ஒன்றுக்குத் தவறும். 4 என்றால் இரண்டில் ஒன்று! சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டே போனால் வரும் கோளாறு மற்ற பிராணிகளில் மெதுவாக, தலைமுறைகள் கழித்து வெளிப்படும். இங்கே அது அடுத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே ராணியின் பிணமாக வாசலில் வந்து விழுகிறது.

இந்தக் கணக்கை எண்ணாக்கியவர் பிரேசிலின் மரபியல் அறிஞர் வார்விக் கெர். 1922-ல் பிறந்து 2018-ல் மறைந்த இவரை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 1956-ல் ஆப்பிரிக்காவிலிருந்து தேனீ ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு 26 கூட்டங்கள் தப்பி ஓடின. பத்திரிகைகள் "கொலைகாரத் தேனீ" என்று பெயர் வைத்து, ஹாலிவுட் படம் எடுக்கும் அளவுக்குப் போனது அந்தக் கதை. ஆனால் அதே கெர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது கொட்டாத தேனீக்களின் மரபியலில்தான் என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. இடம் மாற்றிக் கொண்டுவந்த தேனீ என்ன செய்யும் என்பதை அவரைவிடக் கசப்பாகக் கற்றவர் யாரும் இருக்க முடியாது!

1982-ல் கெர், வென்கோவ்ஸ்கி என்பவருடன் சேர்ந்து ஒரு முடிவைச் சொன்னார். குறைந்தது 6 வகைகளாவது நிலைத்திருக்க வேண்டுமென்றால், ஒன்றோடொன்று கலக்கக்கூடிய தூரத்தில் குறைந்தது 44 குடும்பங்கள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்தக் கூட்டம் தானாகவே அழியும். இந்த 44 என்ற எண் தேனீ வளர்ப்பவர்கள் மத்தியில் கிட்டத்தட்ட வேதவாக்கு ஆகிவிட்டது. இரண்டு பெட்டி, நான்கு பெட்டி வைத்திருக்கும் ஏழை விவசாயி என்ன செய்வார்? "உன்னால் ஒன்றும் காப்பாற்ற முடியாது" என்று சொன்ன மாதிரிதானே அது?

இந்த எண்ணை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தவர் இன்னொரு பிரேசில்காரர், பாவ்லோ நொகெய்ரா நேட்டோ. அவரும் 1922-ல் பிறந்தவர். 1974-லிருந்து 1986 வரை பிரேசில் அரசின் முதல் சுற்றுச்சூழல் செயலாளராக இருந்தவர். பதவி அது, பிரியம் கொடுக்கில்லாத் தேனீ. வடகிழக்குக் கரையோர மாநிலங்களின் தேனீயான மெலிப்போனா ஸ்குட்டெல்லாரிஸை, அது இயற்கையாக இல்லவே இல்லாத சாவோ பாவ்லோ மாநிலத்தின் சாவோ சிமாவோ என்ற ஊருக்குக் கொண்டுவந்து, வெறும் இரண்டு குடும்பங்களிலிருந்து ஒரு கூட்டத்தை உருவாக்கினார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் என்பதால் வெளியிலிருந்து ஓர் ஆண்கூட வந்து கலக்க வழியில்லை. ஒரு குடும்பத்தில் ராணியிடம் இரண்டு வகை, அவள் சேர்ந்த ஆணிடம் ஒன்று. ஆக இரண்டு குடும்பத்திலும் சேர்த்தால்கூட அதிகபட்சம் 6 வகைகள்தான். கெரின் எண்ணை நம்பினால் அந்தக் கூட்டம் சீக்கிரமே காலியாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை! 10 ஆண்டுகளுக்கு மேல் பெருகிப் பிழைத்தது. 2011-ல் வெளியான மரபணு ஆய்வு அதை உறுதி செய்தது. மரபணு வளம் மிகவும் குறைந்துபோயிருந்தது, இருமடி ஆண்கள் அதிகமாகப் பிறந்தன. இருந்தும் கூட்டம் அழியவில்லை. இதற்கு ஒரு காரணம் அந்த ஜீனிலேயே இருக்கிறது. அரிதான வகையை வைத்திருப்பவருக்குப் பொருத்தம் தவறும் வாய்ப்புக் குறைவு. ஆகவே அரிதான வகை அழியாமல் மேலே ஏறி வரும். சிறுபான்மையைத் தானே காக்கும் ஜீன் என்று சொல்லலாம். இன்னொரு காரணம் மனிதன். இளைத்த குடும்பத்துக்கு உணவு கொடுத்து, செத்த ராணிக்குப் பதில் ராணி கிடைக்க வழி செய்து, நன்றாக இருக்கும் பெட்டியைப் பிரித்துப் பெருக்கிக்கொண்டே இருந்தார்கள். காட்டில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

ஆக 44 என்பது கடவுள் எழுதிய எண் இல்லை என்று தெரிந்துவிட்டது. இது சிறிய அளவில் வளர்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் இதே செய்தியை வேறு மாதிரிப் படித்தவர்களும் இருக்கக்கூடும்: "இரண்டு பெட்டியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பெருகும்" என்று. இங்கேதான் ஆபத்து.

சாவோ சிமாவோவில் கலக்க வேறு இனம் இல்லாததால் சோதனை சுத்தமாக நடந்தது. எஸ்பிரிட்டோ சாந்தோ மாநிலத்தின் மலைகளில் நிலைமை அப்படி இல்லை. அங்கே கடல் மட்டத்திலிருந்து 800 முதல் 1200 மீட்டர் உயரத்தில், அட்லாண்டிக் காட்டின் மிச்சத்தில் மட்டும் வாழ்வது மெலிப்போனா கப்பிஷாபா. உள்ளூரில் உருசூ பிரெத்தா, அதாவது கறுப்பு உருசூ. அந்த மாநிலத்து மக்களையே கப்பிஷாபா என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பெயரைத்தான் தேனீக்கும் வைத்தார்கள். அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 1994-ல்தான். பத்தே ஆண்டுக்குள், 2003 பட்டியலில் இருந்த அந்த ஒரே கொடுக்கில்லாத் தேனீ என்ற இடமும் அதற்கே கிடைத்தது. கண்டுபிடித்த சூட்டோடு காணாமல் போகும் பட்டியலில்!

டொமிங்கோஸ் மார்ட்டின்ஸ், வெண்டா நோவா டோ இமிகிராண்டே போன்ற மலை ஊர்கள் ஜெர்மன், இத்தாலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இடம். காப்பித் தோட்டங்கள், மேய்ச்சல் நிலம், நடுநடுவே துண்டு துண்டாகக் காடு. இந்தத் தேனீக்கு வயதான மரத்தின் பொந்து வேண்டும். அட்லாண்டிக் காட்டில் முதிர்ந்த காடாக மிஞ்சியிருப்பது சுமார் 12 சதவீதம்தான் என்னும்போது பொந்துள்ள மரத்துக்கு எங்கே போவது? அதோடு இவை குடிபெயர்வதும் விசித்திரம். பெட்டித் தேனீயில் பழைய ராணி கூட்டத்தோடு பறந்துபோகும். இங்கே பழைய ராணி வயிறு பெருத்துப் பறக்க முடியாமல் வீட்டிலேயே இருப்பாள். மகள்தான் தனிக்குடித்தனம் போவாள். அதுவும் தாய்வீட்டிலிருந்து மெழுகும் தேனும் சீர்வரிசை மாதிரி நாட்கணக்கில் சுமந்துபோக வேண்டும். அதனால் புதுக் கூடு தாய்க் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் அமையும். நடுவில் ஒரு பெரிய மேய்ச்சல் நிலம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் தாண்ட முடியாது. ஒவ்வொரு காட்டுத் துண்டும் ஒரு தீவு.

இப்படி ஏற்கெனவே ஒடுங்கிப்போன இனத்தின் நடுவில், தேன் அதிகம் தரும் என்று வடகிழக்கிலிருந்து ஸ்குட்டெல்லாரிஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாதுவான தேனீ, நல்ல விலை, அழகான பெட்டி. ஆனால் இரண்டும் நெருங்கிய சொந்தம். ராணி வீட்டை விட்டு அதிக தூரம் போகாவிட்டாலும் ஆண்கள் அலைந்து திரிபவை. வந்த பெட்டிகளின் ஆண்கள் உள்ளூர் ராணிகளோடு சேர, கலப்புக் குடும்பங்கள் உண்டாகிவிட்டன. வளர்ப்பவர் கண்ணில் என்ன தெரியும்? பெட்டி நிறைந்திருக்கிறது, தேன் வருகிறது, பிரித்தால் பெருகுகிறது. கப்பிஷாபா மட்டும் ஒவ்வொரு பிரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். மரபணு ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டியில் "வளம்" அதிகமாகக்கூடத் தெரியலாம். இரண்டு இனத்தின் ஜீனும் இருக்கிறதே!

மரபணு வளம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நடக்கும் பெரிய குழப்பம் இதுதான். ஒரு கூட்டத்துக்குள் எத்தனை வகை இருக்கிறது என்பது ஒன்று. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது வேறொன்று. முதலாவதைக் கூட்டுகிறேன் என்று எங்கிருந்தோ கொண்டுவந்து கலந்தால் இரண்டாவது போய்விடும். போனால் போனதுதான், பாலில் ஊற்றிய தண்ணீரைப் பிரித்தெடுக்க முடியாது. 2016-ல் 17 கொடுக்கில்லாத் தேனீ இனங்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, இவற்றின் மரபணுக்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைத் தீர்மானிப்பது இடையில் காடா வயலா என்பதைவிட, தூரமும் தேனீ வளர்ப்பவர்களின் பழக்கவழக்கமும்தான் என்று சொன்னது. அதாவது லாரியில் ஏறும் பெட்டி, தேனீயின் சிறகைவிடப் பலமானது.

"கலப்பா இருந்தால் என்ன? அதுவும் காப்பிப் பூவுக்கு வரத்தானே போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். காப்பிப் பூவுக்கு அநேகமாக வித்தியாசம் தெரியாது. ஆனால் உலகத்திலேயே அந்தச் சில மலைகளில் மட்டும், அந்தக் குளிரிலும் மூடுபனியிலும் வாழப் பழகிய ஓர் உயிர் அது. அதற்கு மாற்றாக வரும் தேனீயை வேறு ஏழெட்டு மாநிலத்தில் பார்க்கலாம். கப்பிஷாபாவை எங்கே போய்ப் பார்ப்பது? இன்னொரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல முடியாது: கொண்டுவந்து கலந்த அந்த ஸ்குட்டெல்லாரிஸும் தன் சொந்த மண்ணில் காடு போய், 2014 பட்டியலில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. ஓர் ஊரில் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனை விரட்டும் தேனீக்கு அதன் ஊரில் வீடு இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பிரேசிலின் தேசியச் சுற்றுச்சூழல் மன்றம் 2004-லேயே விதி கொண்டுவந்தது. 2020-ல் அதைப் புதுப்பித்தது. ஓர் இனத்தை அதன் இயற்கையான எல்லைக்கு வெளியே வளர்க்கக் கூடாது. காட்டு மரத்தை வெட்டிக் கூட்டை எடுக்காமல், வெற்றுப் பாட்டிலோ பெட்டியோ பொறியாக வைத்து, தானாக வந்து குடியேறுவதை எடுத்துக்கொள்ளலாம். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இணையத்தில் கூடு வாங்கிப் பார்சலில் வரவழைக்கும் காலம் இது. அந்த வியாபாரம் சட்டத்தை மீறி நடப்பதை 2022-ல் ஒரு ஆய்வே பதிவு செய்தது. கூரியர் பையனுக்கு எந்தத் தேனீ எந்த மலையுடையது என்று எப்படித் தெரியும்?

இதற்காக வளர்ப்பவர்களை விரோதிகளாக்குவது மடத்தனம். அவர்கள் இல்லையென்றால் இந்தத் தேனீக்களைப் பற்றிப் பேச ஆளே இல்லை. காட்டைவிடத் தாழ்வாரத்தில் அதிகம் மிஞ்சியிருக்கும் இனம் என்றால், தாழ்வாரத்துக்காரரை விட்டுவிட்டு எதைக் காப்பாற்றுவது? அவரிடம் "44 பெட்டி வைத்திருக்கிறாயா?" என்று கேட்பதைவிட "இந்தப் பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று கேட்பதுதான் உபயோகம். ஒரே மலையில் இருக்கும் பத்துப் பேர், ஆளுக்கு நான்கைந்து உள்ளூர்ப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, ராணியையும் அடைக்கூட்டையும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் கெரின் எண்ணும் தானாக நிறைவேறிவிடும், வெளியூர் லாரியும் வேண்டாம். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆய்வகத்தின் வேலை, சந்தேகமான பெட்டியில் ஒரு தேனீயின் காலை எடுத்துச் சோதித்து "இது கப்பிஷாபாதான்" அல்லது "இது கலப்பு" என்று சொல்வது. பெரிய செலவும் இல்லை.

மிச்சமிருப்பது ஒரு சங்கடமான கேள்வி. ஏற்கெனவே கலந்துவிட்ட பெட்டிகளை என்ன செய்வது? எரிக்கச் சொன்னால் யாரும் எரிக்க மாட்டார்கள், எரிக்கவும் கூடாது; அது ஒருவருடைய வருமானம். ராணியை மட்டும் எடுத்துவிட்டு, சோதித்துப் பார்த்த கப்பிஷாபா குடும்பத்திலிருந்து கருவுற்ற ராணியை உள்ளே விடலாம். வேலைக்காரத் தேனீக்களின் ஆயுள் கொஞ்ச நாள்தானே! அவை ஒவ்வொன்றாகச் செத்து, புது ராணியின் பிள்ளைகள் வந்து, சில மாதத்தில் அதே பெட்டி கப்பிஷாபா பெட்டியாகிவிடும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மெலிப்போனாவில் வேலைக்காரத் தேனீக்களும் முட்டையிடும், அந்த முட்டைகள் ஆண்களாகும். ஆகவே பழைய வேலையாட்கள் கடைசி ஆள்வரை தீரும்வரை அந்தப் பெட்டியிலிருந்து கலப்பு ஆண்கள் பறந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் சில மாதம் பெட்டியை மற்றக் கப்பிஷாபா பெட்டிகளிடமிருந்தும், பொந்து மரங்கள் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டிலிருந்தும் தூரமாக, மலையடிவாரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும்.